சட்டி எந்தக் கையில் நின்றது?

பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கும் நண்பர் ஒருவர், கிணற்றில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதை வீட்டுத் திண்ணையிலிருந்தே பார்க்க ஓர் ஏற்பாடு செய்திருந்தார். மோட்டார் ரூமில் ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினி ஒன்று, கிணற்றுக்குள் ஒரு சென்சார், செய்தி அனுப்ப ஒரு 4ஜி டாங்கிள். அவ்வளவுதான். ஏழெட்டு மாதம் ஒரு முணுமுணுப்புக்கூட இல்லாமல் ஓடியது. ஐப்பசி மழையில் ஒரு ராத்திரி கரண்ட் போனது. ராத்திரியே கரண்ட் வந்துவிட்டது. கணினி வரவில்லை.

“சிவப்பு லைட் எரியுதுங்க. அப்போ கரண்ட் வருதுன்னுதானே அர்த்தம்? பச்சை லைட்டு கொஞ்ச நேரம் படபடன்னு அடிக்குது, நின்னுடுது. மறுபடி முதல்ல இருந்து அடிக்குது. போர்டு போயிருச்சுங்களா?” என்று போனில் கேட்டார். அதற்குள் பிளக்கைப் பத்துப் பதினைந்து முறை பிடுங்கிச் சொருகியிருந்தார்.

போர்டு போயிருக்காது என்றேன். இந்தப் போர்டுகள் நாம் நினைப்பதைவிடக் கெட்டியானவை. பத்துக்கு எட்டு முறை பழுது அதற்கு வெளியேதான் இருக்கும். இது புள்ளிவிவரமல்ல, பல பேர் பெட்டியைத் திறந்து பார்த்த அனுபவத்தில் சொல்வது.

மேசைக் கணினி தொடங்காவிட்டால் திரையில் ஏதாவது எழுதிக் காட்டும். லிஃப்டுக்குள், வாஷிங் மெஷினுக்குள், செட்டாப் பாக்ஸுக்குள், பெட்ரோல் பங்க் மெஷினுக்குள் உட்கார்ந்திருக்கும் உட்பொதி கணினிக்குப் பெரும்பாலும் அப்படித் திரையும் கிடையாது, விசைப்பலகையும் கிடையாது. ஒரே வேலைக்கென்று உள்ளே பொதித்து மூடிவிட்ட கணினி அது. அது நம்மோடு பேச ஒன்றிரண்டு விளக்குகள் இருந்தால் பெரிது. ஆகவே அது தொடங்காதபோது நமக்கு வரும் முதல் தகவல் மௌனம். அந்த மௌனத்தை எப்படி வாசிப்பது என்பதற்கு, அது தொடங்கும் முறையைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

வீடு கட்டும் இடத்தில் கான்கிரீட் போடுகிற அன்று பார்த்திருப்பீர்கள். கலவை போடும் இடத்திலிருந்து மொட்டை மாடி வரை ஆட்கள் சாரத்தில் வரிசையாக நிற்பார்கள். சட்டி கைமாறி மேலே போகும். ஒவ்வொருவருக்கும் தெரிய வேண்டியது இரண்டே விஷயம்: யாரிடம் வாங்குவது, யாரிடம் கொடுப்பது. நடுவில் நிற்பவருக்கு மாடி எப்படி இருக்கிறது என்று தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. மேலே சட்டி வரவில்லை என்றால் மேஸ்திரி கீழே எட்டிப் பார்த்துக் கேட்பது ஒன்றைத்தான். சட்டி எந்தக் கையில் நிற்கிறது?

கணினி தொடங்குவதும் இப்படித்தான். நண்பரிடம் இருந்தது ராஸ்பெர்ரி பை 3. அதன் முதல் ஆள் சிப்புக்குள்ளேயே இருக்கிறார். தொழிற்சாலையிலேயே பொறித்துவிட்ட, யாராலும் மாற்ற முடியாத ஒரு குட்டி நிரல். மின்சாரம் வந்ததும் எஸ்டி கார்டின் முதல் பகுதியைத் திறந்து, குறிப்பிட்ட பெயருள்ள ஒரு கோப்பைத் தேடி எடுப்பதுதான் அதன் வேலை. அந்தக் கோப்பு இரண்டாம் ஆள். இங்கே ஒரு கோழி-முட்டைச் சிக்கல். எந்த நிரலும் ஓட நினைவகம் வேண்டும். ஆனால் பெரிய நினைவகமான ரேமைக் கால அளவுகள் எல்லாம் அமைத்து எழுப்பிவிட ஒரு நிரல் ஓடியாக வேண்டும். அதனால் இரண்டாம் ஆள், சிப்புக்குள்ளேயே இருக்கும் சிறிய கேஷ் நினைவகத்தில் ஒடுங்கி உட்கார்ந்துகொண்டு ரேமை எழுப்புகிறார். பிறகு மூன்றாம் ஆளான இன்னொரு கோப்பை ரேமுக்குள் இறக்குகிறார். மூன்றாமவர் அமைப்புக் கோப்பைப் படித்து, லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலை ரேமில் ஏற்றிவைக்கிறார்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இதுவரை நடந்த எதையும் முதன்மைச் செயலி செய்யவில்லை. அது தூங்கிக்கொண்டிருக்கிறது. எல்லாவற்றையும் செய்தது படம் காட்டுவதற்கென்று உள்ள கிராஃபிக்ஸ் பகுதி. மாப்பிள்ளை எழுந்திருப்பதற்குள் தாய்மாமனே பந்தல் போட்டு, சமையலுக்கு ஆள் வைத்து, மேளத்தையும் வரவழைத்துவிட்ட மாதிரி. கெர்னல் தயாரான பிறகுதான் மாப்பிள்ளையை எழுப்புகிறார்கள். கெர்னல் ஓடத் தொடங்கி, கார்டின் இரண்டாம் பகுதியில் உள்ள முழுக் கோப்புத் தொகுதியை ஏற்றி, அதிலிருந்து முதல் நிரலை இயக்குகிறது. அது மற்றவற்றை இயக்குகிறது. வரிசையின் கடைசியில்தான் நண்பரின் கிணறு வருகிறது.

வரிசை தெரிந்தால் பச்சை விளக்கு பேசத் தொடங்கிவிடும். இந்தப் போர்டில் பச்சை விளக்கு நான்கு முறை அளவாகச் சிமிட்டி நின்றால் மூன்றாம் ஆளைக் காணோம் என்று பொருள். ஏழு முறை என்றால் கெர்னலைக் காணோம். எட்டு என்றால் ரேமில் கோளாறு. ஆகவே நண்பரிடம், “எண்ணிச் சொல்லுங்க” என்றேன். “கணக்கே இல்லைங்க, இஷ்டத்துக்கு அடிக்குது” என்றார். இஷ்டத்துக்கு அடிக்கிறது என்றால் கார்டைப் படித்துக்கொண்டிருக்கிறது. சட்டி பாதிச் சாரம் ஏறிவிட்டது. அங்கே ஏதோ ஆகி, மறுபடி முதலிலிருந்து.

“இப்போ சிவப்பு லைட்டை மட்டும் கண்ணெடுக்காம பாருங்க.”

ஒரு நிமிஷம் சத்தமில்லை. “நாலாவது அஞ்சாவது செகண்டுல ஒரு கணம் அணைஞ்சு எரியுதுங்க.”

விஷயம் அங்கேதான் இருந்தது. இந்த வகைப் போர்டில் சிவப்பு விளக்கு ‘மின்சாரம் இருக்கிறது’ என்று மட்டும் சொல்வதில்லை. மின்னழுத்தம் 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் அது அணைந்துவிடும். எரிகிறதா என்று எல்லாரும் பார்க்கிறார்கள். எப்போது அணைகிறது என்று யாரும் பார்ப்பதில்லை.

ஞாயிற்றுக்கிழமை மல்டிமீட்டரோடு போனேன். சார்ஜரின் முனையில் அளந்தால் ஐந்து வோல்ட் கனகச்சிதம். நண்பருக்கு வெற்றிப் புன்னகை. ஆனால் அது சும்மா இருக்கும்போது எடுத்த அளவு. அவர் போட்டிருந்தது பழைய போனுக்கு வந்த, இரண்டு மீட்டர் நீளமுள்ள மெல்லிய கேபிள். அந்தப் பருமனுள்ள செம்புக் கம்பிக்கு மீட்டருக்கு ஏறக்குறைய 0.2 ஓம் மின்தடை. போக இரண்டு மீட்டர், வர இரண்டு மீட்டர், ஆக 0.8 ஓம். போர்டு வேலையில்லாமல் 0.4 ஆம்பியர் இழுக்கும்போது கேபிளில் தொலைவது 0.32 வோல்ட். போர்டுக்கு 4.68 போய்ச் சேரும், எல்லைக்கு ஒரு மயிரிழை மேலே. தொடங்கும்போது செயலியின் நான்கு கருக்களும் ஒரே நேரத்தில் முழு மூச்சில் ஓடும். டாங்கிளோ அதே நொடியில் செல்போன் கோபுரத்தைத் தேடிக் கத்தும். இரண்டும் சேர்ந்து 1.2 ஆம்பியர் என்று வைத்துக்கொண்டால் கேபிள் விழுங்குவது கிட்டத்தட்ட ஒரு வோல்ட். போர்டுக்கு மிஞ்சுவது நாலு. ஓமின் விதி பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். மோட்டார் ரூமில் அது யாருக்கும் ஞாபகம் வருவதில்லை. இந்தப் போர்டுக்கென்றே விற்கும் சார்ஜர் 5 வோல்ட் தராமல் 5.1 வோல்ட் தருவது, கேபிள் கொஞ்சம் தின்னும் என்று தெரிந்துதான்.

“ஏழெட்டு மாசம் இதே கேபிள்லதானே ஓடுச்சு?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. தொடக்கப் பழுதுகளின் மர்மத்தில் பாதி இந்தக் கேள்விக்குள் இருக்கிறது. அது ஏழெட்டு மாதம் ஓடியது உண்மை. ஆனால் அந்த ஏழெட்டு மாதத்தில் அது ஒரு முறைகூடத் தொடங்கவில்லை. முதல் நாள், டாங்கிள் இல்லாமல் கணினியை ஆன் செய்து, அது ஓடத் தொடங்கிய பிறகு டாங்கிளைச் சொருகியிருக்கிறார். இரண்டு சுமையும் ஒரே நொடியில் ஏறிய சந்தர்ப்பமே வரவில்லை. கரண்ட் போன ராத்திரிதான் அந்தக் கணினி தன் வாழ்க்கையில் முதன்முறையாக, முழுச் சுமையோடு தானாக எழுந்திருக்க முயன்றது.

ஓடுவதும் தொடங்குவதும் வேறு வேறு சோதனைகள். பழைய ரவுட்டர்களிலும் செட்டாப் பாக்ஸ்களிலும் இதைப் பார்க்கலாம். உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர் வயதாகி, உலர்ந்து, தலை உப்பிவிடும். சூடாக இருக்கும்போது எப்படியோ சமாளிக்கும். ஒரு ராத்திரி அணைத்து ஆறவிட்டால் காலையில் எழுந்திருக்காது. நாலு முறை ஆன், ஆஃப் செய்து கொஞ்சம் சூடேறினால் எழுந்துவிடும். தலையில் ஒரு தட்டு தட்டினால் வேலை செய்கிறது என்று வீட்டில் சொல்வார்கள். தட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

கேபிளை மாற்றினேன். குட்டையான, தடித்த கேபிள். சிவப்பு விளக்கு ஆடாமல் எரிந்தது. பச்சை விளக்கு படபடத்து, நின்றது. மறுபடி தொடங்கவில்லை. ஆனால் கிணற்றிலிருந்து செய்தியும் வரவில்லை.

இந்த இடத்தில்தான் பலரும் மனம் உடைந்து, “அப்போ கேபிள் இல்லை” என்று பழைய கேபிளையே மறுபடி சொருகிவிடுவார்கள். அது பெரிய தவறு. நோய்க்குறி மாறிவிட்டது. முன்பு சுற்றிச் சுற்றி வந்தது, இப்போது ஓரிடத்தில் நிற்கிறது. சட்டி ஒரு கை மேலே போயிருக்கிறது. அங்கே இன்னொரு ஆளும் சரியில்லை என்பதுதான் புதிய செய்தி. ஒரே காரணம்தான் இருக்கும் என்ற நம்பிக்கை, துப்பறியும் கதைகளில் பலிக்கும், மோட்டார் ரூமில் பலிக்காது. முதல் பழுது இரண்டாவதைப் பெற்றுப் போட்டிருக்கும்.

இன்னொரு கெட்ட பழக்கம், உடனே கார்டை அழித்துப் புதிதாக எழுதிப் போடுவது. சரியாகிவிடும், ஆனால் என்ன ஆயிற்று என்ற சாட்சியமும் அழிந்துவிடும். அடுத்த மழைக்கு அதே கதை. எனக்கு இதில் கொஞ்சம் பிடிவாதம் உண்டு. நண்பர் அவசரப்பட்டார், நான் கார்டைக் கொடுக்கவில்லை.

விளக்கின் பேச்சு இதோடு முடிந்தது. இனி மூன்று கம்பிகள் பேச வேண்டும். பெரும்பாலான உட்பொதிப் போர்டுகளில் சீரியல் கன்சோல் என்று ஓரிடம் இருக்கும். தரைக்கு ஒரு கம்பி, பேச ஒன்று, கேட்க ஒன்று. அது பேசுவதை நாம் கேட்க வேண்டும், நாம் பேசுவதை அது கேட்க வேண்டும் என்பதால் அந்த இரண்டையும் மாற்றிப் போட வேண்டும். இதை மறந்து அரை மணி நேரம் வெற்றுத் திரையைப் பார்த்துக்கொண்டிருக்காத ஆளே இந்தத் தொழிலில் கிடையாது. லேப்டாப்பில் சொருகும் அடாப்டர், சென்னை ரிச்சி தெருவில் சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். ஒரே எச்சரிக்கை: அது 3.3 வோல்ட்டில் பேசுவதாக இருக்க வேண்டும். 5 வோல்ட்டில் பேசினால், பிழைத்திருந்த போர்டும் அன்றோடு சரி. பேச்சின் வேகம் பெரும்பாலும் நொடிக்கு 1,15,200 பிட். ஒரு பிட்டுக்கு 8.7 மைக்ரோநொடி. வேகம் தப்பாக அமைத்தால் திரையில் எழுத்துகளுக்குப் பதில் கிறுக்கல் வரும். ஆனால் கிறுக்கலும் நல்ல செய்திதான். யாரோ உயிரோடு பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

ராஸ்பெர்ரி பை 3-ல் இந்த வசதி மூடி வைக்கப்பட்டிருக்கும். கார்டை லேப்டாப்பில் போட்டு, முதல் பகுதியில் உள்ள அமைப்புக் கோப்பில் ஒரு வரி சேர்த்தால் திறந்துகொள்ளும். சேர்த்தோம். கம்பிகளை மாட்டி ஆன் செய்ததும், கறுப்புத் திரையில் வெள்ளை வரிகள் அருவி மாதிரி இறங்கின. நண்பர் வாயைப் பிளந்தார். இத்தனை நாளும் இது இவ்வளவு பேசிக்கொண்டிருந்ததா? ஆமாம், கேட்கத்தான் ஆளில்லை.

அருவி ஓரிடத்தில் நின்றது. கடைசி வரி கெர்னல் பேனிக். ‘மூலக் கோப்புத் தொகுதியை ஏற்ற முடியவில்லை’ என்று சொல்லிவிட்டு, அடைப்புக்குறிக்குள் 179,2 என்று இரண்டு எண்கள். பேனிக், அதாவது பீதி, என்ற சொல்லைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. கெர்னல் தன்னையே நம்ப முடியாத நிலையில், இனி கார்டில் எதையும் எழுதிக் கெடுக்காமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிடுகிறது. அதன் நாணயம் அது. முக்கியம் அந்த எண்கள்தான். அங்கே 0,0 என்று இருந்தால் கார்டே அதன் கண்ணில் படவில்லை என்று அர்த்தம். டிரைவர் இல்லாமலிருக்கலாம், அல்லது கார்டு மெதுவாக எழுந்திருப்பதற்குள் கெர்னல் அவசரப்பட்டிருக்கலாம். பின்னதற்கு, ‘மூலம் வரும்வரை காத்திரு’ என்று கெர்னலுக்கு ஒரே ஒரு சொல் சேர்த்தால் போதும். 179 என்பது எஸ்டி கார்டு வகைச் சாதனத்தின் எண். 2 என்பது இரண்டாம் பகுதி. ஆக, வாசலைக் கண்டுபிடித்துவிட்டது, கதவுதான் திறக்கவில்லை.

ஏன் திறக்கவில்லை என்பதற்கு நண்பரின் கைதான் சாட்சி. பத்துப் பதினைந்து முறை பிளக்கைப் பிடுங்கியிருக்கிறார். அதற்கு முன்பே ராத்திரி முழுக்க மின்னழுத்தம் விழுந்து விழுந்து அது தானாகவே எத்தனை முறை செத்துப் பிழைத்ததோ. எஸ்டி கார்டு நோட்டுப்புத்தகம் மாதிரி இருந்த இடத்தில் அழித்து எழுதுவதில்லை. ஒரு பெரிய தொகுதியை முழுசாக அழித்துத்தான் எழுத முடியும். உள்ளே இருக்கும் குட்டிக் கட்டுப்பாட்டுச் சிப், தேய்மானம் ஓரிடத்தில் சேராமல் இருக்கத் தரவுகளை இடம் மாற்றிக்கொண்டே இருக்கும். அந்த இடமாற்றத்தின் நடுவில் மின்சாரம் போனால், நாம் எழுதிக்கொண்டிருந்த கோப்பு மட்டுமல்ல, தொடவே தொடாத கோப்பும் கெடலாம். கெட்டது கோப்புத் தொகுதியின் தலைப்பக்கம். சூப்பர்பிளாக் என்பார்கள். நிலத்துக்குப் பட்டா மாதிரி. நிலம் அப்படியே இருக்கிறது, பட்டாவைக் காணோம்.

நல்லவேளை, இந்தக் கோப்பு முறையை வடிவமைத்தவர்கள் பட்டாவுக்குப் பல நகல் போட்டு நிலத்திலேயே ஆங்காங்கே புதைத்து வைத்திருக்கிறார்கள். வழக்கமான அளவில் முதல் நகல் 32,768-ஆவது பிளாக்கில் இருக்கும். லினக்ஸ் லேப்டாப்பில் கார்டைப் போட்டு, சரிபார்க்கும் நிரலை அந்த நகலை வைத்து ஓடவிட்டோம். மூன்று நிமிடம். கார்டைத் திருப்பிப் போட்டால், கிணற்றில் 41 அடிக்குத் தண்ணீர் நிற்கிறது என்ற செய்தி வந்தது.

மூன்றாம் நான்காம் ஆள் வரை வந்து நிற்கும் பழுதுகள் இப்படி. முதல் ஆளிடமே நின்றுவிடும் பழுது இன்னும் அழகானது. 2013-இல் வந்த பீகிள்போன் பிளாக் என்ற போர்டில், உள் நினைவகத்தை அழித்துவிட்டு, எஸ்டி கார்டும் இல்லாமல் ஆன் செய்து, சீரியல் கம்பியில் காது வைத்தால் ஆங்கில எழுத்து ‘சி’ மட்டும் இடைவெளி விட்டு வந்துகொண்டே இருக்கும். சி... சி... சி... புதியவர்கள் இதைப் பழுது என்று நினைப்பார்கள். உண்மையில் அது ஒரு வேண்டுகோள். சிப்புக்குள் இருக்கும் அந்த முதல் ஆள், உள் நினைவகத்தில் தேடி, கார்டில் தேடி, எங்கும் அடுத்த ஆளைக் காணாமல், இந்தக் கம்பி வழியாகவாவது யாரேனும் நிரல் அனுப்ப மாட்டார்களா என்று கேட்கிறார். கம்பி வழியே கோப்பு அனுப்பும் எக்ஸ்மோடம் என்ற பழைய முறையில், ‘தயாராக இருக்கிறேன், அனுப்பு’ என்பதற்கான அடையாளம் அந்த எழுத்து. அனுப்பினால் அதை வைத்தே எழுந்து நின்றுவிடும். கூட்டில் வாயைத் திறந்துகொண்டிருக்கும் குஞ்சு மாதிரி.

கையில் கம்பியும் இல்லை, பிளக்கைப் பிடுங்கவும் முடியாது, போர்டு இருப்பதோ வேறு கிரகத்தில் என்றால்? அப்படி ஒரு தொடக்கப் பழுது உண்மையாகவே நடந்தது.

2004 ஜனவரி 4 அன்று நாசாவின் ஸ்பிரிட் ஊர்தி செவ்வாயின் குசேவ் பள்ளத்தில் இறங்கியது. அதன் மூளை 20 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடும் ஒரு கதிர்வீச்சு தாங்கும் செயலி, 128 எம்பி ரேம், 256 எம்பி ஃபிளாஷ் நினைவகம். இன்றைய சாதாரண போனோடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லை. 18-ஆவது செவ்வாய் நாளில், அதாவது ஜனவரி 21 அன்று, ஊர்தியின் பேச்சு நின்றது. அன்று தொடர்பிலிருந்த ஆஸ்திரேலியாவின் கான்பெரா நிலையத்தில் மழையும் இடியும். முதலில் பழி மழைமேல் போனது. வெளியே இருப்பதை முதலில் சந்தேகப்படுவது சரியான பழக்கம்தான், ஆனால் அந்த முறை மழை குற்றமற்றது.

செய்தி ஒரு வழி போக ஏறக்குறைய பத்து நிமிடம் ஆகும். கேட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஜனவரி 23 அன்று சொற்பத் தகவல் வந்து சேர்ந்தது. அதிலிருந்து தெரிந்தது இது: ஊர்தி மூன்று நாளில் அறுபது தடவைக்கு மேல் தன்னைத்தானே மறுதொடக்கம் செய்துகொண்டிருந்தது. ராத்திரியில் தூங்க வேண்டிய நேரத்தில் தூங்காமல் விழித்திருந்து பேட்டரியைக் காலி செய்துகொண்டிருந்தது. எழுந்திருக்கும், எங்கேயோ தடுக்கும், விழும், மறுபடி எழுந்திருக்கும். தென்னந்தோப்பில் பச்சை விளக்கு செய்ததேதான்.

பொறியாளர்கள் செய்தது எனக்கு இன்றும் வியப்புத் தருகிறது. தடுக்கும் இடம் ஃபிளாஷ் நினைவகமாக இருக்கலாம் என்று ஊகித்து, ‘இந்த முறை ஃபிளாஷைத் தொடாதே, ரேமையே கோப்புக் கிடங்காக வைத்துக்கொண்டு தொடங்கு’ என்று ஆணை அனுப்பினார்கள். முடமான நிலை என்றே அந்தத் தொடக்க முறைக்குப் பெயர் வைத்திருந்தார்கள். ஊர்தி எழுந்தது, விழவில்லை. அந்த ஒரே ஆணையில் இரண்டு காரியம் ஆயிற்று. ஊர்தி அமைதியானது. சட்டி எந்தக் கையில் நின்றது என்பதும் தெரிந்துவிட்டது, ஏனென்றால் அந்த ஒரு கையை விலக்கியதும் வரிசை ஓடிவிட்டது.

காரணம் மிகச் சாதாரணமானது. ஃபிளாஷில் கோப்புகள் அதிகமாகிவிட்டன. பூமியிலிருந்து செவ்வாய்க்குப் போன ஏழு மாதப் பயணத்தில் சேர்ந்த கோப்புகளும் அப்படியே கிடந்தன. ஊர்தியின் மென்பொருள், ஃபிளாஷைத் திறக்கும்போதெல்லாம் அதன் பெயர்ப் பட்டியலின் பிரதி ஒன்றை ரேமில் வைத்துக்கொள்ளும். கோப்பை அழித்தாலும் பட்டியலில் அதற்கான இடம் சுருங்காது. பட்டியல் வளர்ந்து வளர்ந்து, ஒரு நாள் ரேமில் ஒதுக்கிய இடத்துக்கு மேல் போய்விட்டது. இடம் கேட்ட வேலை இடம் கிடைக்காமல் நின்றது. நின்றதைப் பார்த்த காவல் ஏற்பாடு கணினியை மறுதொடக்கம் செய்தது. மறுதொடக்கத்தில் முதல் வேலையே ஃபிளாஷைத் திறப்பது. மறுபடி அதே பட்டியல், அதே இடப்பற்றாக்குறை.

இதில் மனம் வலிக்கும் ஒரு துணுக்கு உண்டு. பழைய கோப்புகளைத் துப்புரவு செய்யும் நிரல் ஒன்றை அவர்கள் 15-ஆம் நாளே அனுப்பியிருந்தார்கள். இரண்டு பகுதிகளில் ஒன்று சரியாகப் போய்ச் சேரவில்லை. அதை மறுபடி அனுப்ப வைத்திருந்த நாள் 19. ஊர்தி மயங்கியது 18-இல்.

தேவையற்ற கோப்புகளை நீக்கி, பிப்ரவரியில் ஃபிளாஷை முழுவதுமாக அழித்துப் புதிதாக அமைத்தார்கள். தொண்ணூறு நாளுக்கென்று திட்டமிட்ட ஊர்தி 2010 மார்ச் வரை பேசியது. அதன் மென்பொருளுக்குத் தலைமை தாங்கிய கிளென் ரீவ்ஸ், 1997-இல் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டரும் இதே போல அடிக்கடி மறுதொடக்கம் ஆனபோது அதன் மென்பொருள் குழுவுக்குத் தலைமை தாங்கியவர். அங்கே காரணம் வேறு: அவசர வேலை ஒன்று, தனக்குத் தேவையான பூட்டை ஓர் அவசரமில்லாத வேலை வைத்திருந்ததால் காத்துக் கிடந்தது.

காவல் ஏற்பாடு என்றேன். வாட்ச்டாக் என்பார்கள். ஓடும் நிரல் சில நொடிக்கு ஒரு முறை ‘இருக்கிறேன்’ என்று குரல் கொடுக்க வேண்டும். குரல் வராவிட்டால் அது கணினியை உலுக்கி எழுப்பும். ராஸ்பெர்ரி பையின் சிப்பிலும் இருக்கிறது, அதிகபட்சம் 15 நொடி பொறுக்கும். நல்ல காவல்காரன்தான், ஆனால் கண்மூடித்தனமானவன். திக்கிய கணினிக்கு மறுதொடக்கம் மருந்து. தொடக்கத்திலேயே திக்கும் கணினிக்கு அது விஷம், சுற்றலை முடிவில்லாமல் ஆக்கிவிடும். அதனால் விவரமானவர்கள் கூடவே ஒரு கணக்குப்பிள்ளையையும் வைக்கிறார்கள். கெர்னலை ஏற்றிவைக்கும் யூ-பூட் என்ற பூட்லோடர் நிரலில் இந்த வசதி உண்டு. ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் ஒன்று கூட்டும். முழுதாக எழுந்த நிரல் அந்த எண்ணைப் பூஜ்யமாக்க வேண்டும். எண் குறித்த எல்லையைத் தாண்டினால், ‘இந்த வழி சரிப்படாது’ என்று வேறு வழியில், பழைய நல்ல நகலிலிருந்து தொடங்கும். செவ்வாய்க்குப் பத்து நிமிடத் தொலைவிலிருந்து மனிதர்கள் கொடுத்த ஆணையை, இங்கே ஓர் எண் கொடுக்கிறது.

நண்பரின் பெட்டியில் இவ்வளவு ஆடம்பரம் செய்யவில்லை. கோப்புத் தொகுதியை வாசிக்க மட்டும் என்று பூட்டிவிட்டு, நீர்மட்டக் கணக்கு எழுத மட்டும் சிறிய பகுதி ஒன்று ஒதுக்கினோம். இனி நடுராத்திரியில் கரண்ட் போனாலும் பட்டா கிழியும் வாய்ப்பு மிகக் குறைவு. சீரியல் கம்பி மூன்றையும் பெட்டிக்கு வெளியே இழுத்து டேப் சுற்றி வைத்தோம்.

அதற்குப் பிறகு அவருக்கு ஒரு வழக்கம் வந்துவிட்டது. மாதப் பிறப்பன்று தோப்புக்குப் போனதும் கணினியை முறையாக அணைத்து, டாங்கிளோடு சேர்த்து மறுபடி ஆன் செய்கிறார். செய்தி வீட்டுக்கு வந்ததா என்று மனைவியிடம் போனில் கேட்டுவிட்டுத்தான் மற்ற வேலை. தை ஒன்றாம் தேதி வரவில்லை. என்னைக் கூப்பிட்டார், குரலில் பதற்றமில்லை.

“சிவப்பு லைட் அஞ்சாவது செகண்டுல அணையுதுங்க. நம்ம குட்டைக் கேபிளைத் தேங்காய் போட வந்த தம்பி போன் சார்ஜ் பண்ண எடுத்துட்டுப் போய், பழைய நீளக் கேபிளைச் சொருகி வெச்சிருக்கான். வாங்கி மாட்டிட்டேன். வந்துருச்சு. முப்பத்தாறு அடி.”